தனம் அக்காவுக்குச் சுகர் இல்லை

தை மாதத்து மூன்றாவது முகூர்த்தம். திங்கட்கிழமை. அவலூர்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் காலைப் பந்திக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். மாஸ்டரின் செல் அடித்தது. செல்லை எடுத்ததும் "இன்னாப்பா, எத்தினி இலை?" என்று கேட்பதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதில் வைத்தபடி பொங்கல் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்பிலிருந்து ரெண்டு கட்டையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"வசந்தா, கத்தாத. தனம் போயிடுச்சாம்."

நான் கத்தவில்லை. கத்த முடியாது. கல்யாண வீட்டுக்குள் சாவுச் சேதியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "சட்னி ஆச்சாம்மா?" என்றார்கள். "ஆச்சும்மா, அஞ்சே நிமிஷம்" என்றேன். சிரித்த முகமாகவே சொன்னேன். மத்தியானம் கடைசிப் பந்தி எழுந்து, இலை எடுத்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் நாங்கள் எட்டுப் பேரும் மண்டபத்துக்குப் பின்னால் போய் அழுதோம்.

மறைப்பது எங்களுக்கு அவ்வளவு பழக்கம். அந்தப் பழக்கம்தான் தனம் அக்காவைக் கொண்டுபோனது. அக்கா காய்ச்சலில் போனார்கள் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது. சுகர் முற்றிப் போனார்கள் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. அந்த ரெண்டாவது பேச்சைக் கிளப்பிவிட்டவள் நான். அது பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் சமையல்காரர் சங்கத்து மலரில் இது வர வேண்டும் என்று கேட்டவன் அக்காவின் மகன் சங்கரேதான். "சுகர்னு எழுதாதீங்க சின்னம்மா" என்றான். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். குத்தம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். முழுப் பெயர் தனலட்சுமி. பிறந்தது தொண்டூர், வாழ்க்கைப்பட்டது செஞ்சி. சங்கர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே வீட்டுக்காரர் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா கல்யாண வீடுகளுக்குக் காய் நறுக்கப் போனார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தபோது அக்காதான் காய்ப் பக்கத்துக்குத் தலைவி. அருவாமனையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது எல்லாக் காயும் முடிந்த பிறகுதான். அவியலுக்கு நறுக்கிய காயை எடுத்து வரிசையாக அடுக்கினால் ஒன்றுகூட நீளமாகவும் இருக்காது, குட்டையாகவும் இருக்காது.

"யக்கா, இடுப்புல ஸ்கேல் சொருகி வச்சிருக்கீங்களா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஏண்டி, உன் வாய் அருவாமனைய விட வேகமா ஓடுது. வெரல பாத்துக்கோ" என்றார்கள். அன்றைக்கே என் விரல் நறுக்கிக்கொண்டது. மஞ்சளை வைத்து அழுத்திக் கட்டியவர்களும் அவர்கள்தான். கட்டும்போது, "ஒரே அளவா நறுக்கறது அழகுக்கு இல்ல வசந்தா. ஒண்ணு வெந்து ஒண்ணு வேகாம கெடந்தா சாப்புட்றவன் வயிறு நோவும்" என்றார்கள். அது அவர்கள் எனக்குச் சொன்ன முதல் பாடம். இன்னும் காதில் இருக்கிறது.

ரொம்பக் கண்டிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை சீயமங்கலம் பக்கத்தில் ஒரு கல்யாணம். சொன்ன ஆளைவிட வந்த ஆள் ரொம்ப ஜாஸ்தி. ரெண்டாவது பந்திக்குப் பொரியல் இல்லை. மாஸ்டர் தலையில் கை வைத்துவிட்டார். அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தில் தார் தொங்கிக்கொண்டிருந்தது இல்லையா, அதை அறுத்து முந்தானையில் மறைத்து எடுத்து வந்து, கால் மணி நேரத்தில் வாழைக்காய்ப் பொரியல் ஆக்கிவிட்டார்கள்.

"மாப்ள வூட்ல கேட்டா இன்னாக்கா சொல்றது?"

"செஞ்சிலேர்ந்துதான வந்திருக்கோம். கோட்டக் கொரங்கு நம்ம வண்டியிலேயே ஏறி வந்துடுச்சுன்னு சொல்லு."

அப்படிப்பட்டவர்கள் தனம் அக்கா.

ஒன்றரை வருஷத்துக்கு முந்தி ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்தபோது ஒரு மாற்றம் வந்தது. எங்களுக்கு அது மாற்றமாகத் தெரியவில்லை, வசதியாகத் தெரிந்தது. கல்யாண வேலையில் யாருக்கும் பிடிக்காதது வெங்காயம். மூட்டை மூட்டையாக உரித்து நறுக்க வேண்டும். முறை வைத்துத்தான் உட்காருவோம், முறை வந்தவள் முகத்தைத் தூக்கிக்கொள்வாள். தலைவி என்பதால் அக்காவுக்கு அந்த முறையே கிடையாது. ஆனால் அந்த ஆவணியிலிருந்து, "வெங்காயத்த இங்க தள்ளுங்கடி, நான் பாத்துக்கறேன்" என்று மூட்டையை அவர்களே இழுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரு கல்யாணம் இல்லை, எல்லாக் கல்யாணத்திலும்.

நான் சும்மா இருப்பேனா? "அக்கா வெங்காயத்துக்கு வாக்கப்பட்டுட்டாங்க. எப்படி உருகி உருகி அழுவுறாங்க பாருங்கடி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

உடம்பும் இறங்கியது. சமையல்காரர்களுக்குச் சாப்பாடு கடைசியில்தான். அதுவும் புகையிலும் வாசனையிலும் பாதிப் பேருக்குப் பசியே செத்துப்போகும், மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அதனால் எங்களில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று ஒருத்தரும் கவனிப்பதில்லை. அக்கா தன் பங்கைத் தூக்கில் வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் போய்ச் சாப்பிடுவார்கள் என்று நினைத்தோம். பஸ் ஸ்டாண்டு நாய்களுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தபோதும் நான், "யாருது ரவிக்க, எரவலா?" என்றுதான் கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். நான் யாரையும் அப்படித்தான் எடை போடுவேன். கேலி செய்தால் சிரிக்கிறார்களா, அப்படியானால் நன்றாக இருக்கிறார்கள். இவ்வளவு வயசுக்கு எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

அடுத்து வந்த தையில் ஒரு கல்யாணம். அன்றைக்கு முட்டைக்கோஸ் கூட்டு. வெங்காயத்தை முந்தின நாளே முடித்துவிட்டோம். நான் அக்காவிடம் கத்தி கேட்கப் போனேன். தலை குனிந்து கோஸ் சீவிக்கொண்டிருந்தார்கள். கோஸ் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை.

"யக்கா, கோஸுக்குக் கூடவா கண்ணு எரியும்?" என்றேன். வாயில் அதுதானே வரும் எனக்கு.

நிமிர்ந்து பார்த்தார்கள். "எரியல வசந்தா. அதுவா வருது. ஆவணியிலேர்ந்து அதுவா வருது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாசமாக வெங்காய மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்கள் எல்லோர் கண் முன்னாலேயும் இந்த மனுஷி அழுதிருக்கிறார்கள். நாங்கள் கைதட்டிச் சிரித்திருக்கிறோம்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? சங்கரா? மருமவளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அவன் கடை நல்லா ஓடுது. மருமவ தங்கமான பொண்ணு. காரணம் இருந்தா எழுந்து நின்னு சண்ட போடுவேன்டி. ஒண்ணுமே இல்ல, அதான் பயமா இருக்குது. விடியறதுக்கு முந்தியே முழிப்பு வந்துடுது. அய்யோ, இன்னொரு நாளான்னு இருக்குது. சோத்துல ருசி போனா உப்பு போட்டுக்கலாம். நாளுக்கே ருசி போயிடுச்சு."

காற்று கருப்பு என்று நினைத்துச் சங்கர் மூன்று அமாவாசை மேல்மலையனூருக்குக் கூட்டிப் போயிருக்கிறான். சாமியை நான் குறை சொல்லமாட்டேன். அக்கா அங்கே போய் உட்கார்ந்த நேரம் கொஞ்சம் லேசாக இருந்தது என்றுதான் சொன்னார்கள். ஆனால் பஸ் ஏறித் திரும்பி வரும்போதே அதுவும் கூட ஏறி வந்துவிடும் என்றார்கள்.

உடம்பு பலவீனத்துக்கு ஊசி போடலாம் என்று நான்தான் அவர்களைப் பக்கத்தில் இருந்த சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா ஊசியை எடுக்கவில்லை. தூக்கம் எப்படி, பசி எப்படி, முன்னே பிடித்தது எதுவாவது இப்போது பிடிக்கிறதா, எத்தனை மாசமாக இப்படி என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்குதும்மா. செவ்வாயும் வெள்ளியும் டாக்டரம்மா வருவாங்க. போயிட்டு வாங்க" என்றார்கள்.

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்கள். "எனக்குப் பைத்தியமா?"

"பைத்தியம்னு ஒரு வியாதி எங்க புஸ்தகத்துலயே இல்லம்மா. உங்களுக்கு இருக்கறது நெறைய பேருக்கு வர்ற வியாதி. சொல்லாம இருக்கறாங்க, அவ்ளோதான்" என்றார்கள் நர்ஸம்மா.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினோம். டாக்டரம்மா சின்ன வயசு. அக்கா பேச ஆரம்பித்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நடுவில் திடீரென்று, "சாவணும்னு தோணுதாம்மா?" என்று கேட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியா ஒரு பொம்பளையிடம் கேட்பது? ஆனால் அக்கா மூச்சை விட்டார்கள். ரொம்ப நாளாகத் தூக்கி நின்ற பாரத்தை இறக்கி வைத்த மாதிரி.

"ஏதாச்சும் பண்ணிக்கணும்னு இல்லம்மா. காலைல கண்ணு தெறக்காமலே போயிட்டா தேவலன்னு தோணும்."

"சொன்னது ரொம்ப நல்லதும்மா. இது அதிகமானா உடனே வரணும், செவ்வாய் வெள்ளின்னு பாக்கக் கூடாது" என்றார்கள். பிறகு எங்கள் ரெண்டு பேருக்கும் விளக்கினார்கள். துக்கம் வேறு, இது வேறு. துக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கும், நாள் போகப் போக ஆறும். இது காரணம் இல்லாமலும் வரும், தூக்கம், பசி, வேலை, ஆசை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாது. இதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். சோம்பேறித்தனமும் இல்லை, மனசு கெட்டியில்லாததும் இல்லை. மாத்திரை வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும். பேசவும் வர வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்கள். "நல்லாயிட்டோம்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்தறது எப்பன்னு நான்தான் சொல்லணும்."

இதை நான் காதால் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா மாத்திரைக் கவரை மடியில் வைத்துக்கொண்டு, "சங்கர்கிட்ட இன்னாடி சொல்றது?" என்றார்கள். அவர்கள் பயந்தது மகனுக்காக மட்டும் இல்லை. "அருவாமனையில உக்கார்ற பொம்பளைக்கு மனசு சரியில்லன்னு வெளிய தெரிஞ்சா எந்தக் கல்யாண வூட்ல உள்ள விடுவாங்க?" என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

"சுகர்னு சொல்லிடலாம்க்கா" என்றேன். "ஊர்ல பாதிப் பேருக்குச் சுகர். எனக்கு இருநூறு, உனக்கு முந்நூறுன்னு பெருமையா சொல்லிக்கினு திரியறாங்க. நமக்குன்னு ஒரு சுகர் இல்லன்னா மரியாதை இல்ல."

அக்கா சிரித்தார்கள். வாய்க்குள் அடக்காமல், பல் தெரிய. ஆவணிக்குப் பிறகு நான் பார்த்த முதல் நிஜமான சிரிப்பு அது. அந்தச் சிரிப்பில் நான் மயங்கிவிட்டேன். இவ்வளவு நல்ல யோசனை என்னைத் தவிர யாருக்கு வரும் என்று நினைத்தேன்.

மாத்திரை வேலை செய்தது. ஒரே நாளில் இல்லை. முதல் ரெண்டு வாரம் வாய் உலர்கிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லி நிறுத்தப் பார்த்தார்கள். நான் திட்டினேன். ஒரு மாசம் கழித்துத் தூக்கம் வந்தது. பிறகு பசி. பங்குனியில் ஒரு வளைகாப்புக்குப் போனபோது நான் வழக்கம்போல வெங்காய மூட்டையை அக்கா பக்கம் தள்ளினேன். காலால் திருப்பித் தள்ளிவிட்டார்கள். "நீயே உரிடி. எனக்குக் கண்ணு எரியுது" என்றார்கள். அதைக் கேட்டு நான் அழுதேன்.

மாசா மாசம் நானும் அவர்களும் 'சுகர் செக்கப்' போனோம். அந்தப் பொய்யால் ஒரு தொல்லையும் இருந்தது. மாஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டு, "தனத்துக்கு எவனும் கேசரி குடுக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டார். அக்காவுக்கோ கேசரி என்றால் உயிர். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிடுவார்கள், நான் வாசலில் காவல் நிற்பேன். எங்கள் ரெண்டு பேருக்கும் அது பெரிய விளையாட்டாக இருந்தது.

ஐப்பசியில் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். சங்கர் அம்மாவைக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்திருக்கிறான். சுகர் இல்லை. வெறும் வயிற்றில் பார்த்தும் இல்லை, சாப்பிட்டுப் பார்த்தும் இல்லை. எந்த மகனுக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? வீட்டுக்கு வந்து, "சுகரே இல்லாம இத்தினி நாளா மாத்திரை துன்னுக்கினு இருந்திருக்கியேம்மா, கிட்னி இன்னாத்துக்கு ஆவறது?" என்று இருந்த மாத்திரையை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டான். பாசத்தில் செய்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியவிடாமல் செய்தவர்கள் நாங்கள்.

அடுத்த கல்யாணத்தில் அக்கா என்னிடம் சொன்னார்கள். "மாத்திரை நின்னுபோச்சு வசந்தா. வேற வாங்கியாந்தாலும் எடுத்துக் கொட்டிடுவான். அவன்கிட்ட உண்மைய சொல்லிடட்டுமா?"

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னது இது: "இப்ப எதுக்குக்கா அத கெளப்பிக்கினு? நல்லாத்தான இருக்கறீங்க. இனிமே கேசரி ஒளிஞ்சு துன்ன வேணாம், பந்தியிலேயே உக்காந்து துன்னலாம்."

அக்கா சிரித்தார்கள். கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார்கள். அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டுக் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டேன்.

கார்த்திகை வரைக்கும் வேலை இருந்தது. அக்கா வந்தார்கள், நறுக்கினார்கள், பேச்சு குறைந்திருந்தது. அலைச்சல் என்றார்கள், நம்பினேன். பிறகு மார்கழி. மார்கழியில் கல்யாணம் கிடையாது. எங்கள் கூட்டமே அந்த ஒரு மாசம் அவரவர் வீட்டில் கிடக்கும். ரெண்டு தடவை போன் போட்டேன். "நல்லாருக்கேன்டி. உன் வாய் எப்படி இருக்குது?" என்றார்கள். அவர்களே கேலி பேசுகிறார்களே என்று போனை வைத்துவிட்டேன். என்னைச் சமாளிக்க என்ன பேச வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியாதா?

தை முதல் முகூர்த்தத்துக்குக் கூப்பிடப் புதன்கிழமை வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். தலை வாரி எத்தனை நாள் ஆனதோ. மருமகள் வைத்த கேழ்வரகுக் கஞ்சி ஆடை கட்டி அப்படியே இருந்தது. "பலவீனம்னு அவரு டானிக் வாங்கிக் குடுத்திருக்காரு சின்னத்த, குடிக்கவே மாட்டேங்கறாங்க" என்றாள் அந்தப் பெண்.

"மவராணிக்கு இன்னும் விடியலியா? முகூர்த்தம் வந்துடுச்சு, எழுந்திருங்க" என்றேன்.

சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. மருமகள் உள்ளே போகும் வரைக்கும் இருந்து, பக்கத்தில் குந்தினேன்.

"பழைய மாதிரியாக்கா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"நிறுத்தி ஒரு மாசத்துல."

"எங்கிட்ட சொல்லலியேக்கா."

"எத்தினி தடவடி சொல்றது? வெக்கமா இருக்குது. ஒரு தடவ வந்தா வியாதி. ரெண்டாவது தடவ வந்தா, நான்தான் சரியில்லன்னு அர்த்தம்."

அப்படி அர்த்தம் இல்லை. போன மாசம் வந்த ஜுரம் இந்த மாசம் வந்தால் நான் சரியில்லை என்றா சொல்கிறோம்? இப்போது எனக்கு இது நன்றாகத் தெரிகிறது. எதற்கெடுத்தாலும் திறக்கிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. கடைசியில், "வெள்ளிக்கெழம எனக்குக் கல்யாண வேலைக்கா. செவ்வாக்கெழம கண்டிப்பா போலாம். நான் கூட வரேன்" என்றேன். உடனே வர வேண்டும், கிழமை பார்க்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது என் காதுக்குள்தான் இருந்தது. சங்கரைக் கூப்பிட்டு அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா, "சரி" என்றார்கள். அவர்கள் அப்போது எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்குகிறது, காய்ச்சல் கொதிக்கிறது என்று போன் வந்தது. செஞ்சியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சங்கரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, உடம்பில் தெம்பே இல்லை, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களா?

"முன்ன சுகர் மாத்திரை சாப்புட்டாங்க சார். டெஸ்ட்ல சுகர் இல்லன்னு வந்துச்சு, நிறுத்திட்டோம்" என்றான் சங்கர்.

டாக்டர் புரியாமல் பார்த்தார். நான் சங்கர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "அது சுகர் மாத்திரை இல்ல சார். மனச்சோர்வுக்கு. இங்கயேதான் குடுத்தாங்க. ஐப்பசியிலேர்ந்து நின்னுபோச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டு போனார். சங்கர் சுவரில் சாய்ந்துவிட்டான். "எங்கிட்ட சொன்னா நான் இன்னா சின்னம்மா பண்ணியிருப்பேன்? நான் வேணான்னா சொல்லியிருப்பேன்? என் கையாலயே தூக்கிக் கொட்ட வச்சிட்டீங்களே." அவன் கத்தியிருந்தால் தேவலாம். மெதுவாகத்தான் கேட்டான்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய். நான் காதோரம் குனிந்து, "யக்கா, சங்கர்கிட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

கண் திறந்தார்கள். "திட்டினானா?"

"இல்லக்கா. அழுதான்."

"அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார்கள்.

அதுதான் கடைசி. காய்ச்சல் இறங்கியிருக்கிறது, நீங்கள் வேலைக்குப் போங்கள் என்று சங்கரே என்னை அனுப்பிவைத்தான். விடிந்ததும் மாஸ்டரின் செல் அடித்தது.

குளிப்பாட்டுவதற்கு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். தூக்கி உட்கார வைக்க நாலு பேர் போனோம். ரெண்டு பேரே போதுமாக இருந்தது. மற்ற ரெண்டு பேர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம்.

வாசலில் வந்தவர்கள் எல்லோரும் சங்கரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சுகர்தானப்பா? இந்தக் காலத்துல யாருக்கு இல்ல" என்றார்கள். முதல் ரெண்டு மூணு பேருக்கு அவன் தலையை ஆட்டினான். அப்புறம் ஒரு பெரியவர் கேட்டபோது, "இல்ல மாமா. மனச்சோர்வுன்னு ஒரு வியாதி. டாக்டர்கிட்ட காட்டி நல்லாயிட்டாங்க. தெரியாம நாங்க மருந்த நிறுத்திட்டோம்" என்றான். "மெதுவா சொல்லுப்பா" என்றார் அவர், சுற்றிலும் பார்த்துக்கொண்டு. "மெதுவா சொல்லித்தான் மாமா இங்க வந்து நிக்கறோம்" என்றான் சங்கர். பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னான். தெருவே கேட்கிற மாதிரி சொன்னான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கூட வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், அதனால் போனேன். வேறு காரணம் இல்லை. அக்காவின் ஓபி நோட்டு என்னிடம்தான் இருந்தது, அதை வரிசையில் வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். "தனலட்சுமி" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.

டாக்டரம்மா எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள். "அக்கா வரலியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சுகரில் ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல். அவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுதான் நின்றேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, "நீங்க எப்படிம்மா இருக்கறீங்க? தூங்கினீங்களா?" என்று கேட்டார்கள்.

எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏதாவது ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

டாக்டரம்மா புதுசாக ஒரு சீட்டு எடுத்தார்கள். "உக்காருங்க. உங்க பேர் சொல்லுங்க."

தனம் அக்கா, நான் உட்கார்ந்தேன். என் பெயரைச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும் மனசு டாக்டரிடம் போகிறேன் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் போங்கள், அக்கா. உங்களைப் பற்றி இனிமேல் நான் பொய் சொல்ல மாட்டேன்.